“பங்கருக்குள் புதைத்து எடுத்த” ரொக் இசைத்தட்டு விற்கிறவரிடம் கவனம்

நெடுங்கேணிப் பக்கம் இருந்து பழைய ரொக் இசைத்தட்டு விற்பதாகச் சொல்லி ஒருவர் முகநூலில் தொடர்ந்து பதிவு போட்டு வருகிறார். பிங்க் ஃபுளாய்ட், லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று எல்லாம் பெரிய பெயர்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கதைதான். அப்பா சேர்த்தது, 2008 போர்க்கால இடப்பெயர்வில் கிளிநொச்சி வீட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) தறப்பாளால் சுற்றிப் புதைத்தது, மீள்குடியேறி வந்து தோண்டி எடுத்தது, இப்போது கஷ்டத்தில் விற்கிறோம். நான் அவரிடம் வாங்கினேன், 65,000 ரூபா போனது. வெளிநாட்டில் இருக்கிற எங்கடை ஆட்கள் பலர் அந்தப் பதிவுகளுக்குக் கீழே அழுகிற முகம் போட்டு விலை கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் இசைத்தட்டு சேர்ப்பது பாதி பாட்டுக்கு, பாதி மட்டைக்கு, அதாவது தட்டைப் போட்டு வைக்கிற படம் போட்ட அட்டை உறைக்கு. உண்மையைச் சொன்னால் மட்டைக்குத்தான் கூட. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரிய மாமா கொழும்புக்குப் போய் வரும்போது ஒவ்வொன்றாக வாங்கி வருவார். பெரும்பாலும் கல்கத்தா டம்டம்மில் கிராமபோன் கம்பெனி ஒஃப் இந்தியா அச்சிட்டவை. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. நான் இப்போது தேடித் தேடி வாங்குவது அவர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அதே மட்டைகளைத்தான். வன்னியில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சப் பேர்தான் இருக்கிறோம். ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியும். அதனால் நெடுங்கேணியில் இப்படி ஒரு சேகரிப்பு இருப்பதாக யாருமே கேள்விப்படாதது ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் போரில் தப்பியது என்றால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் எனக்குச் சொன்னது பிங்க் ஃபுளாய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’. 1973 இல் பிரித்தானியாவில் வந்த முதல் அச்சு. இதைத் தேடுகிறவர்களுக்குத் தெரியும், முதல் அச்சுக்கு அடையாளங்கள் உண்டு. தட்டின் நடுவில் இருக்கிற வட்டத் தாளில், அதாவது ஹார்வெஸ்ட் நிறுவனத்தின் லேபிளில், உள்ள முக்கோணம் முழுதாக நீல நிறம் நிரப்பியிருக்கும். பிறகு வந்தவற்றில் முக்கோணத்தின் கோடு மட்டும்தான். தட்டின் எண் எஸ்.எச்.வி.எல். 804. மட்டை இரண்டாக விரியும், உள்ளே இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். மட்டையை வடிவமைத்தது ஹிப்நோசிஸ் என்கிற லண்டன் நிறுவனம், முன்பக்கத்தில் ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கிற பட்டகத்தை வரைந்தவர் ஜோர்ஜ் ஹார்டி. (வானவில்லில் ஆறு நிறம்தான் இருக்கிறது, ஆகவே போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அசலிலும் ஆறுதான்.)

லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், நீலம் நிரப்பிய முக்கோணம். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக இருக்கிற வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைக் கேட்டேன். அதுவும் வந்தது, அதுவும் சரி. வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னபோது மட்டும் “இஞ்ச சிக்னல் இல்லை அண்ணை” என்றார். நெடுங்கேணிப் பக்கம் சில இடங்களில் சிக்னல் இல்லை என்பது உண்மைதான். 80,000 சொன்னவர் 65,000க்கு இறங்கினார். வங்கியில் முன்பணம் போட மாட்டேன் என்றேன், கூரியரில் வரட்டும், கையில் கிடைக்கும்போது காசு தருகிறேன் என்றேன். அதற்கும் சரி என்றார். பொருள் கைக்கு வந்துதானே காசு கொடுக்கிறோம் என்று நாங்கள் நம்புகிற இந்த முறையில்தான் ஓட்டை இருக்கிறது. காசு கொடுக்காமல் பொதியை உடைக்க விடமாட்டார்கள். கூரியர்க்காரத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

உடைத்தபோது முதலில் கண்ணில் பட்டது மட்டையின் அடிப்பக்கத்தில் ஓடிய ஒரு மெல்லிய ஒட்டு. ஏன் ஒட்டு என்று யோசித்துவிட்டு அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். இசைத்தட்டு மட்டை ஒரு பக்கம் சுமார் 31 சென்ரிமீற்றர் வரும். போட்டோக்கொப்பிக் கடையில் கிடைக்கிற ஏ3 தாளின் அகலம் 29.7 தான். அதாவது, படத்தை ஏ3 இல் நிறப்பிரதி எடுத்து, போதாத இடத்துக்குக் கறுப்புத் தாளை ஒட்டியிருக்கிறார். அந்த மட்டை முழுக்கக் கறுப்பு என்பதால் படத்தில் பார்த்தால் தெரியாது. எத்தனையோ மட்டைகள் இருக்க இதைத் தெரிவு செய்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மடிப்பில் விரலால் தேய்த்தால் மை செதில் செதிலாக உதிர்ந்தது, அது லேசர் பிரதியின் குணம். விரியவும் இல்லை. ஏதோ ஒரு பழைய ஒற்றை மட்டையின் மேல் ஒட்டியது. அசலில் உள்ளே விரித்தால் முன்பக்க நிறக்கதிர் தொடர்ந்து ஓடி, நடுவில் இதயத்துடிப்புக் கோடாக எழும்பித் தாழும். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு ஆசைப்பட்டது. போஸ்டர்களில் பிரமிட் படம் போட்டது மட்டும் வந்தது, அதுவும் ஏ3.

தட்டின் லேபிள் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஓரத்தை நகத்தால் தட்டினேன், எழும்பியது. இது பலருக்குத் தெரியாத விஷயம். இசைத்தட்டில் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தட்டை அச்சில் அழுத்தும்போதே லேபிளையும் சேர்த்து வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். நகத்துக்கு எழும்புகிறது என்றால் அது பிறகு ஒட்டினது. வளையத்தில் கீறியிருந்த எண்ணும் எஸ்.எச்.வி.எல். 804 இல்லை, வேறு ஏதோ.

சரி, என்னதான் இருக்கிறது என்று ஊசியை வைத்தேன். அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் இதயத் துடிப்போடு மெல்லத் தொடங்கும். எனக்குத் தவில் அடி விழுந்தது, பிறகு நாதஸ்வரம். மனைவி குசினிக்குள் இருந்து “ஆற்றை கலியாணம்?” என்று கேட்டாள். வாசிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கல்யாணி ராகம் என்று நினைக்கிறேன். ஆனால் 65,000 ரூபாக்கு வாங்கக்கூடிய கல்யாணி இல்லை.

அவருக்கு எடுத்தேன். கொஞ்சமும் தடுமாறாமல், “பங்கருக்குள்ள இருந்தது அண்ணை, சூட்டுக்கு லேபிள் இளகியிருக்கும்” என்றார். “லேபிள் இளகும் தம்பி, பாட்டு எப்படி மாறினது?” என்று கேட்டேன். அது இந்திய அச்சு, அதனால் எண் வேறாக இருக்கும் என்று இன்னொரு பதில் வந்தது. டம்டம் தட்டை டம்டம் தட்டு என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது, நானே வாங்குவேன். அது நாதஸ்வரம் வாசிக்காது. இதைச் சொன்னதோடு தொடர்பு அறுந்தது, வட்ஸ்அப்பிலும் தடை. பிறகு அவர் அனுப்பிய படங்களைக் கூகுளில் போட்டுத் தேடினால், லேபிள் படமும் எண் படமும் ஒரு வெளிநாட்டு விற்பனைப் பக்கத்தில் பழைய விளம்பரமாகக் கிடக்கின்றன. அவர் கையால் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான், மட்டையின் முன்பக்கம், பாயில் வைத்து எடுத்தது.

பணத்தை விட எனக்கு ஆத்திரம் அந்தக் கதையில்தான். கிளிநொச்சியில் 2008 கடைசியில் பொருள் புதைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தையல் மெசின் புதைத்தவர்கள் இருக்கிறார்கள், மோட்டார் சைக்கிள் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். இரும்பே கறள் பிடித்துத்தான் வெளியே வந்தது. அந்த நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்து வன்னி முழுக்க வெள்ளம் நின்றதே, தறப்பாள் கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தில் பங்கர் எல்லாம் கிணறு. அதற்குள் கிடந்த காகித மட்டை, ஒரு நீர்க்கறை இல்லாமல், கறையான் அரிக்காமல், இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகூட இல்லாமல் கறுப்பு மினுங்க வருமா? தட்டும் அப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சித்திரை மாதம் படுக்கையாக வைத்தாலே வினைல் வளைந்துவிடும். விற்கிறவர் வன்னி ஆளா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். வன்னி ஆள் என்றால் இந்தக் கதையில் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார். இது எங்களுக்காகக் கட்டிய கதையும் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஊரை நினைத்து ஏங்குகிறவர்களுக்காகக் கட்டியது. அவர்களில் பலர் தட்டைப் போட்டே பார்க்க மாட்டார்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். நாதஸ்வரம் கடைசி வரை வெளியே வராது.

அவர் போட்டிருந்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். லெட் செப்பலினின் நான்காவது இசைத்தட்டு, 1971 இல் வந்தது, முன்பக்கத்தில் இசைக்குழுவின் பெயரே இல்லாமல் விறகு சுமக்கிற கிழவரின் படம் மட்டும் இருக்குமே, அது. நான்கு பேரும் கையெழுத்து வைத்ததாம். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் பார்கோட் இருக்கிறது. இசைத்தட்டு மட்டைகளில் பார்கோட் பரவலானது 1980களில். ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொனம் 1980 செப்டெம்பரில் இறந்துவிட்டார். செத்த மனிதர் எழும்பி வந்து ஒப்பம் வைத்தார் என்றால் மட்டைக்கு இன்னும் கூடக் கேட்கலாம். கையெழுத்தோடு ‘உறுதிச் சான்றிதழ்’ ஒன்றும் தருகிறாராம். அந்தச் சான்றிதழும் அதே போட்டோக்கொப்பிக் கடையில்தான் பிறந்திருக்கும். பீட்டில்ஸின் காலத்திலேயே அவர்களுடைய உதவியாளர்கள் அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அசலான காலத்துக் கையெழுத்துக்கே இந்த நிலை.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ மட்டை, அண்டி வோர்ஹோலின் யோசனையில் 1971 இல் வந்தது. ஜீன்ஸ் படத்தில் உண்மையான உலோக சிப் வைத்திருப்பார்கள், திறந்தால் உள்ளே இன்னொரு அட்டையில் உள்ளாடைப் படம். அடுக்கி அனுப்பும்போது சிப் பக்கத்துத் தட்டில் அழுந்திப் பள்ளம் விழுந்ததால், அதைப் பாதி இறக்கி வைத்து அனுப்பினார்கள் என்பது பிரபலமான கதை. அப்படிச் செய்தால் அது லேபிளில்தான் அழுந்தும், பாட்டுக்குப் பாதிப்பில்லை. மல்லாவியில் இருக்கிற நண்பருக்கு இவர் அனுப்பிய படத்தில் இருந்தது பாடசாலைப் பைக்குப் போடுகிற பிளாஸ்டிக் சிப். நூல் தையலும் தெரிந்தது. நண்பர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

யாரிடம் வாங்கினாலும், அன்றைய திகதி எழுதிய துண்டைத் தட்டின் மேல் வைத்து, லேபிளும் வளையத்து எண்ணும் ஒரே படத்தில் தெரிய எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மட்டையை விரித்து, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு சின்ன வீடியோ. சிக்னல் இல்லாத ஊரில் இருந்தும் அதை எடுத்து வைத்துப் பிறகு அனுப்பலாம். முடிந்தால் பஸ்ஸில் போய் நேரில் பாருங்கள். பொதியை உடைக்கும்போது முகவரி தெரிய வீடியோ எடுங்கள். நான் எடுத்திருந்ததால்தான் பொலிஸில் முறைப்பாடு போடும்போது காட்ட ஏதாவது இருந்தது. முறைப்பாடு பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

போன கிழமை வேறு பெயரில் ஒரு புதிய கணக்கு வந்திருக்கிறது. இந்த முறை பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’, 1967, வெட்டி எடுக்கிற மீசை அட்டையோடு, முல்லைத்தீவில் கிணற்றடியில் புதைத்ததாம். படத்தில் கீழே விரித்திருப்பது அதே சிவப்புக் கரைப் பாய், இடது மூலையில் அதே கிழிசல். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் கீழே போட்டிருக்கிறேன். அவரிடம் ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் இருந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள், எல்லாவற்றையும் ஒரே முறைப்பாட்டோடு சேர்க்கலாம்.