டை ஊசிக்கு ஒரு பெயர் உண்டு

கத்திரி வெயிலில் குடியாத்தத்திலிருந்து அம்மாவை வேலூருக்கு அழைத்துச் சென்று, ஒரு ஸ்கேன் மையத்தில் டை (படத்தில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் அயோடின் கலந்த மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுக்க உட்கார்ந்தபோது, மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது, "எறா, மீன் ஒத்துக்குமாம்மா?" என்பதுதான். எறா ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதமே தவிர அயோடின் அன்று. ஆகவே இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. முன்பு டை ஊசியால் ஏதேனும் நேர்ந்ததா என்ற முக்கியமான கேள்வி படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு 'இல்லை' என்று, கேட்காமலே, மேசையில் இருந்தவரே குறியிட்டுக்கொண்டார். டொராண்டோவில் இத்தகைய படிவங்களை வரிக்கு வரி படிக்கும் நானும் வாய் திறக்கவில்லை.

ஊசி ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவுவது இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் சில நிமிடங்களில் அம்மாவின் கழுத்தில் தடிப்புகள் எழுந்தன, குரல் கம்மியது, "தொண்டய அடைக்குதுப்பா" என்றார். இரத்த அழுத்தம் விழுந்தது. அங்கிருந்த செவிலியர் யாரையும் எதிர்பார்த்து நிற்காமல், புடவையை ஒதுக்கித் தொடையின் வெளிப்புறத் தசையில், கடும் ஒவ்வாமைக்கான மருந்தான அட்ரினலின் அரை மில்லி போட்டு, கால்களை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டவன்.

கடுமையான எதிர்விளைவு அரிதுதான்: 1990இல் வெளியான, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வில், புதிய, அயனியற்ற வகை டையில் அது 0.04 விழுக்காடு, பழைய அயனி வகையில் 0.22 விழுக்காடு. ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்த முறை டை தவிர்க்க முடியாததானால் வேறொரு மருந்துக்கு மாற்றுவது உதவும். மாற்றுவதற்கு முதலில் பழைய மருந்தின் பெயர் தெரிய வேண்டுமே!

மறுநாள் கையில் கொடுத்த தாளில் 'டை அலர்ஜி' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. அப்போதுதான் அம்மா, எட்டு வருடம் முன்பு சிறுநீரகக் கல்லுக்காக டை ஊசி போட்டபோதும் உடம்பெல்லாம் தடித்ததாகச் சொன்னார். அந்த மருந்தின் பெயரும் எங்கும் இல்லை. நான் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, டெக்னீசியன் சற்று எரிச்சலுடன் காலிப் பாட்டிலைத் தேடியெடுத்தார். லேபிளில் இருந்த பெயரையும் செறிவையும் அம்மாவின் ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி, கீழே அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.