ஏரி கணக்கு சரி, மேட்ச் முடிவு எங்கே? ஒரு தமிழ் இ-பேப்பருடன் சில ஆண்டுகள்

இ-பேப்பர் ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள், எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் இங்கே விரிவாக. இதழின் பெயர் வேண்டாம். தமிழ் நாளிதழ், சென்னைப் பதிப்பு, சில ஆண்டுகளாகச் சந்தா ஓடுகிறது. எத்தனை பக்கம், எந்தெந்தப் போனில் ஓடும் என்பதெல்லாம் ஆப் ஸ்டோரிலேயே போட்டிருக்கிறார்கள்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்து மணிக்கு ஆப்பைத் திறந்தால் வருவது நகரப் பதிப்பு இல்லை, வெளியூர் வண்டிக்காக முந்தி அச்சான டாக் எடிஷன். ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பதினொன்றை நெருங்கும். டைம் அவுட், ரிவியூ, ஈரப் பந்தைத் துடைக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 11.30. டாக் எடிஷனின் விளையாட்டுப் பக்கம் அதற்கு வெகு முன்னதாகவே பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்குப் போய்விடும். சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தைப் பற்றித் திருவல்லிக்கேணியில் இருப்பவருக்குக் கிடைப்பது முதல் இன்னிங்ஸ் ஸ்கோரும், 'அடுத்து களமிறங்கிய சென்னை அணி' என்று பாதியில் நிற்கும் ஒரு பத்தியும்தான். சந்தாப் பணம் மட்டும் நகரப் பதிப்புக்கானது.

அச்சகத்தின் நெருக்கடி நியாயமானது. தூர ஊர்களுக்குப் போகும் பிரதிகள் முதலில் அச்சாக வேண்டும், விடிவதற்குள் ஏஜென்ட் கையில் கட்டு இறங்க வேண்டும். நகரப் பிரதிகள் கடைசியில் ஓடும். அவற்றுக்காக நள்ளிரவு தாண்டியும் பக்கத்தை முடிக்காமல் வைத்திருப்பார்கள். 2023 ஐபிஎல் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையால் மே 29-க்குத் தள்ளிப்போய், அன்றும் மழை குறுக்கிட்டு, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பை வந்தபோது மே 30 அதிகாலை ஒன்றரை மணி. அப்படி ஒரு நாளில் எந்த அச்சுப் பதிப்பையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இணையத்தில் ஏற்றும் பக்கத்துக்கு வேனும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நகரப் பதிப்பின் பக்கம் கையில் இருக்கும்போது வெளியூர்ப் பக்கத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

இ-பேப்பரில் ஒரு செய்தியைத் தொட்டால் அது தனியாகத் திறக்கிறதல்லவா, அதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் செய்தி வாரியாகக் கட்டம் பிரிக்க வேண்டும். அந்த வேலையை முதல் பதிப்பின் பக்கங்கள் வந்தவுடனே தொடங்கிவிடுகிறார்கள். பிந்திய பதிப்பில் மாறும் பக்கங்களுக்கு அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதனால்தான் மாறிய பக்கங்கள் காலை ஏழு, ஏழரை மணிக்கு மெதுவாக வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்ததையாவது சொல்லலாம். முதல் பக்கத்தின் தலையில் 'இந்தப் பதிப்பு இரவு இத்தனை மணிக்கு முடிந்தது' என்று ஒரு வரி போட்டால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும். பலமுறை எழுதிக் கேட்டும் அந்த ஒரு வரி வரவில்லை.

மேட்ச் முடிவுதான் ராத்திரியே போனில் தெரிந்துவிடுமே என்பார்கள். தேர்தல் முடிவுக்கும் இதே கதிதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137 வாக்குகள், மாநிலத்திலேயே மிகக் குறைவு. இப்படிக் கடைசிச் சுற்று வரை இழுத்துக்கொண்டு போகும் தொகுதிகள் டாக் எடிஷனில் 'முன்னிலை' என்ற சொல்லோடு நின்றுவிடும். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் பக்கத்தைச் சேமித்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: தவறான பதிப்பைச் சேமித்தால் பின்னால் எடுத்துப் பார்க்கும்போது அது உதவாது.

சரியான பதிப்பைப் பிடிக்க இப்படிச் செய்யலாம். காலை 7.30-க்குப் பிறகு திறங்கள். முகப்பில் பெரிதாகத் தெரியும் 'இன்றைய இதழ்' பொத்தானை விட்டுவிட்டு, பதிப்புப் பட்டியலில் போய்ச் சென்னையைத் தேர்வு செய்யுங்கள். ஆப் அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளாது, தினமும் செய்ய வேண்டும். இந்த இதழில் பக்க எண்ணுக்கு அருகே சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. ஒன்று இருந்தால் முதல் பதிப்பு, எண்ணிக்கை கூடினால் பிந்தியது. எல்லா இதழ்களிலும் இதே குறி இருக்காது, ஏதோ ஒரு அடையாளம் இருக்கும், தேடிப் பாருங்கள். ஐந்து மணிக்கே ஒருமுறை திறந்திருந்தால் பழைய பக்கம் போனிலேயே தங்கிவிடும், புதியது வந்தாலும் காட்டாது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் கிளியர் கேஷ் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கிளியர் டேட்டாவை அழுத்திவிடாதீர்கள். லாகின் போய்விடும், சேமித்த கட்டிங்குகளும் போய்விடும்.

பகல் ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் பட்டத்தை வென்ற ஆட்டம் நம் நேரப்படி மாலையிலேயே முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் குறை இருக்காது. ரஞ்சி ஆட்டமும் மாலை ஐந்து மணி வாக்கில் அன்றைக்கு முடிந்துவிடுகிறது. முழு ஸ்கோர் கார்டு போடத் தாராளமாக நேரம் இருக்கிறது, ஆனாலும் ஆறே வரி. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55, 1987-88 என இரண்டே முறை. அடுத்ததற்காக இவ்வளவு காலமாகக் காத்திருக்கும் ரசிகர்களுக்கு யார் எத்தனை ஓவர் வீசினார் என்றாவது தெரிய வேண்டாமா? உள்ளூர் முதல் டிவிஷன் லீக் முடிவுகளைச் சுருக்க ஸ்கோராக இன்னும் போடுகிறார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன், அதை நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு எரிச்சலுக்கும் பிறகு சந்தாவை விடாமல் வைத்திருக்கக் காரணம், சென்னைப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தில் வரும் ஏரி நீர் இருப்புக் கட்டம். அந்த இதழின் இணையதளத்தில் அது வருவதில்லை, பக்கத்தில் மட்டும்தான். சென்னைக் குடிநீர் ஏரிகளின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. இவற்றுக்கு எதிரே இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், போன ஆண்டு இதே நாள் இருப்பு. நகரத்தின் தேவையை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி., அதாவது 1,000 மில்லியன் கன அடி என்று கணக்கிடுவது வழக்கம். ஜனவரி முதல் வாரத்து மொத்தத்தை ஆயிரத்தால் வகுத்து, வெயிலில் ஆவியாகிப் போவதற்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டால் கோடை எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். வீராணம் தண்ணீரும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் குடிநீர் நிலையங்களும் இந்த ஐந்து ஏரிக் கணக்குக்கு வெளியே இருப்பவை. அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதிரி ஓர் ஆண்டு வருவதைத் தலைப்புச் செய்திக்குப் பல வாரம் முன்பே இந்தக் கட்டத்தில் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் இதை வாசிக்கும் விதம் வேறு. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்து அடையாற்றின் கரையோரம் மூழ்கிய அனுபவத்துக்குப் பிறகு, பருவமழை நேரத்தில் ஏரியை விளிம்பு வரை நிரப்புவதில்லை. 21, 22 அடி வாக்கிலேயே உபரியைத் திறந்துவிடுகிறார்கள். ஆகவே நவம்பரில் இருப்பு இறங்கினால் பதற வேண்டாம், வெளியேற்றக் கட்டத்தைப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: அச்சாவது முந்தைய நாள் காலை அளவு. நீங்கள் படிக்கும்போது ஒரு நாள் பழையது. கொட்டும் மழையில் இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, அன்றைய வெள்ள எச்சரிக்கைதான் கணக்கு. வெள்ள நாளில் தாள் வராமல் போனாலும் இ-பேப்பர் வந்துவிடும் என்பது இன்னொரு ஆறுதல். மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் 2015 டிசம்பர் 2 அன்று ஆங்கில இந்து நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை.

மாநகராட்சிச் செய்தியிலும் இந்த இதழ் மற்றவற்றை விட ஒரு படி மேல். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, தனி அதிகாரி நிர்வாகம்தான். 2022 மார்ச்சில் மேயர் பிரியா பொறுப்பேற்ற பிறகுதான் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மாதாந்தரக் கூட்டம் மறுபடி செய்தியானது. கூட்டத்துக்கு மறுநாள் தலைப்பு எப்போதும் வெளிநடப்பாகத்தான் இருக்கும். அதைத் தாண்டிக் கடைசிப் பத்திக்கு வாருங்கள், நிறைவேறிய தீர்மானங்களும் தொகைகளும் அங்கே இருக்கும். குப்பை அள்ளும் ஒப்பந்தம், மழைநீர் வடிகால், பள்ளிக் கட்டடம் எல்லாம் அந்தப் பத்தியில்தான்.

குறை ஒன்று உண்டு, வார்டு எண் போடுவதில்லை. 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு கொண்ட ஊரில் 'பெரம்பூரில் சாலைப் பணி' என்று எழுதினால் எந்தக் கவுன்சிலரிடம் போய்க் கேட்பது? சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதையும் எழுதுவதில்லை. பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். தாம்பரம், ஆவடிச் செய்திகளும் 'சென்னை' என்ற தலைப்பின் கீழேயே வருகின்றன. அவை தனி மாநகராட்சிகள், 1913 என்ற எண் பெருநகர சென்னை மாநகராட்சிக்கு மட்டும்தான். கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்தைக் கேட்க வேண்டும், அதுவும் தனி அமைப்பு. இந்த விவரம் இல்லாத உள்ளூர்ச் செய்தியை வைத்துக்கொண்டு வாசகர் எதுவும் செய்ய முடியாது.

எழுத்துத் தெளிவும் சொல்லியாக வேண்டும். ஸ்கோர் கார்டும் ஏரிக் கட்டமும் ஏழு பாயின்ட் அளவு எழுத்து. ஆப் காட்டும் படத்தின் தரத்தில் பெரிதாக்கினால் புள்ளிகள் கரைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி போனால் வாக்கியத்தை வைத்து ஊகிக்கலாம், தசமப் புள்ளி போனால் என்ன செய்வது? புழல் ஏரியின் 21.20 அடி, 2120 என்று தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக இறக்கிப் பெரிதாக்குங்கள், நன்றாக இருக்கும். அந்தப் பி.டி.எஃப்.-இல் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பக்கம் இப்போது எங்கும் புழங்கும் யூனிகோடு எழுத்து முறையில் இல்லை, பழைய எழுத்துரு முறையில் கட்டியது. நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகள் வரும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்தால் பெரும்பகுதி மீளும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். வேண்டிய செய்தியை அன்றைக்கே தேதியும் வார்டும் பெயரில் வரும்படி சேமித்து வைப்பதுதான் உருப்படியான வழி.

ஏரிக் கட்டத்தைப் போல இந்த ஊருக்குத் தேவையான ஒன்றை வேறெந்தச் சந்தாவும் எனக்குத் தரவில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், ஆண்டுச் சந்தா பாதி விலைக்கும் வேண்டாம் என்பதே. சென்னை வாசகரிடம் காசு வாங்கிக்கொண்டு வெளியூர்ப் பக்கத்தைக் கொடுப்பதை இவர்கள் நிறுத்தும் வரை என் மனம் ஒப்பவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதச் சந்தா எடுங்கள். ஏரி, மழை, ரஞ்சித் தொடக்கம் எல்லாம் அதில் வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களுக்கு வேண்டாம். யுபிஐ வழியாகக் கட்டும்போது, அடுத்த முறை பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதியையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். கட்டிய அன்றே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். செலுத்திய காலத்துக்கான இதழ் அதன் பிறகும் வந்துகொண்டிருக்கும். ரத்து செய்யாமல் விட்டால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஒரு அறிவிப்பு வரும். அதையும் தவறவிட்டால் இவர்களிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம்.