மினெஸ்ட்ரோனேயில் மிசோவா, தேங்காய்ப்பாலா, வினிகரா?

இத்தாலியக் காய்கறி சூப்பான மினெஸ்ட்ரோனேயை ஒரு வேளைக்கு மட்டும் அளந்து வைக்க என்னால் முடிந்ததே இல்லை. வெங்காயம், கேரட், செலரி என்று நறுக்கத் தொடங்கினால் முட்டைக்கோஸ் பாதி மிஞ்சும். அதையும் போட்டால் பாத்திரம் போதாது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் தண்ணீர் கூடும். கடைசியில் நான்கு லிட்டர் சூப் அடுப்பில் தளதளத்துக்கொண்டிருக்கும். மூன்று நாளுக்கு அதுதான் இரவுச் சாப்பாடு. மூன்று நாளும் ஒரே சுவை என்றால் யாருக்குத்தான் சலிக்காது? அந்தச் சலிப்பில்தான் ஆசியச் சுவைகளின் பக்கம் திரும்பினேன். ஒரே காய்கறிக் கலவையை மூன்று வழிகளில் மாற்றிப் பார்த்தேன்: ஜப்பானிய மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), தாய்லாந்து பாணியில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும், சீனப் பாணியில் வினிகரும் வெள்ளை மிளகும். எங்கள் வீட்டில் நிலைத்தது மிசோதான். அதனால் இந்த அலசலில் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

மினெஸ்ட்ரோனே இதற்கெல்லாம் இடம் கொடுக்குமா என்ற தயக்கம் வேண்டாம். இத்தாலிய மொழியில் 'மினெஸ்ட்ரா' என்றால் சூப். 'ஓனே' என்று முடித்தால் பெரியது என்று பொருள். பெயரிலேயே 'பெரிய சூப்' என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. மிலான் பக்கம் அரிசி போடுகிறார்கள். ஜெனோவாவில் இறக்கும்போது பெஸ்டோ என்ற பேசில் இலை விழுதைக் கலக்கிறார்கள். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கும் அடித்தளம், உலர்ந்த பீன்ஸ், பருவத்துக் காய்கள், பெரும்பாலும் தக்காளி. இவ்வளவுதான் பொது. மற்றதெல்லாம் சமைப்பவர் பாடு.

ஆனால் சைவக்காரருக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இத்தாலிய வீடுகளில் பார்மேசன் சீஸின் காய்ந்த தோலைத் தூக்கி எறியாமல் சூப்பில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். சாறு கனம் பெறுவது அதனால்தான். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். கறாரான சைவத்தில் அது சேராது. சரி என்று அதை விட்டுவிட்டால் சூப் காய்கறி வேகவைத்த தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. நாக்கின் நடுவில் ஏதோ ஒன்று குறைகிறது. அந்த ஏதோ ஒன்றுக்கு 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகெடா பெயர் வைத்தார்: உமாமி. கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த குளுட்டமேட்தான் முதிர்ந்த சீஸிலும் நிறைந்திருக்கிறது. தக்காளியிலும் இருக்கிறது, மிசோவிலும் இருக்கிறது. ஆக, ஆசியச் சுவை என்று நாம் சேர்ப்பது வாசனைக்காக மட்டும் அல்ல. எடுத்துவிட்ட சீஸின் இடத்தை நிரப்பவும் வேண்டும். மூன்று வழிகளையும் நான் முதலில் பார்த்தது இந்தக் கண்ணோடுதான்.

சீனத்துக் கார-புளிப்பு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டே முறைதான் செய்தேன். கருப்பு அரிசி வினிகர், சோயா சாஸ், நிறைய வெள்ளை மிளகு, ஊறவைத்த ஷிட்டாகே காளான், டோஃபு, இறுதியில் சோள மாவுக் கரைசல். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குடித்தால் மூக்கடைப்பு விலகும், அத்தனை சுறுசுறுப்பு. ஆனால் மினெஸ்ட்ரோனேயில் ஏற்கெனவே தக்காளி புளிக்கிறது. வினிகர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பீன்ஸ் முழுதாக வேகும் முன் வினிகரை ஊற்றிவிட்டால் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பீன்ஸின் தோல் மெத்தென்று ஆகாது. மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது சோள மாவின் கெட்டித்தன்மை உடைந்து ஓரமாகத் தண்ணீர் விட்டிருந்தது. சூடாக்கியதும் இன்னும் நீர்த்துப் போனது. புளிப்பும் கொதியும் சேர்ந்தால் மாவு தளர்ந்துவிடும். மிளகின் வாசமும் முந்தைய இரவோடு போய்விட்டது. கைதேர்ந்தவர் செய்தால் வேறு மாதிரி வரலாம். என் கணக்கில் இது அன்றே தீர்த்துவிட வேண்டிய சூப்.

தேங்காய்ப்பால் வழியை அப்படித் தள்ளிவிட முடியாது. முதல் நாள் கிண்ணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் பரிசு இதற்குத்தான். எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டைக் கத்தியின் பின்பக்கத்தால் நசுக்கிப் போட்டு, பேரரத்தை ஐந்தாறு துண்டு, கஃபீர் எலுமிச்சை இலை நான்கு கிள்ளிப் போட்டு, காய் வெந்தபின் தேங்காய்ப்பால் விட்டால் வீடே மணக்கிறது. கேரட்டின் இனிப்பு தேங்காயோடு ஒட்டிக்கொள்கிறது. பரங்கிக்காய் சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். காய்கறி சூப் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட இரண்டாம் கிண்ணம் கேட்கும் ரகம் இது.

இரண்டாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். மேலே மஞ்சள் பாய்ந்த வெள்ளைக் கொழுப்புத் தகடு. அதில் முட்டைக்கோஸ் இலை ஒன்று ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம்போல் பதிந்திருந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, தேங்காய்க் கொழுப்பு குளிரில் உறைவது இயல்பு. சூடாக்கினால் கரைந்துவிடும் என்று அடுப்பில் வைத்தேன். கரைந்தது. கூடவே சாறெங்கும் வெள்ளைத் துகள்கள் திரிதிரியாக மிதந்தன. தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அதன் புரதங்களுக்கு. சூடு கூடினால் அவை உறையும். புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தக்காளி போட்ட சூப்பில் இரண்டும் தயாராக இருக்கின்றன. முதல் நாள் மெல்லிய தீயில் தப்பித்தது இரண்டாம் நாள் கொதியில் மாட்டிக்கொண்டது. சுவை கெடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாக்கில் மணல் படிந்த உணர்வு. தாய்லாந்துச் சமையலில் கறி விழுதை வதக்குவதற்குத் தேங்காய்க் கெட்டிப்பாலை வேண்டுமென்றே காய்ச்சி எண்ணெய் பிரிய விடுவார்கள். அந்தக் கறிக்கு அது பொருந்தும். பீன்ஸும் கேரட்டும் மிதக்கும் தெளிந்த சூப்பில் அது திரிந்த பாலாகத்தான் தெரிகிறது.

தக்காளியைக் குறைத்துப் பார்த்தேன். அப்போது அது மினெஸ்ட்ரோனேயாக இல்லை. குவார் கோந்தோ வேறு நிலைப்படுத்தியோ கலந்த டப்பாப் பால் நன்றாகத் தாங்கியது. ஆனால் டப்பாவைத் திறந்தால் மிஞ்சியதை மூன்று நான்கு நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும் என்ற இன்னொரு நெருக்கடி வருகிறது. மிஞ்சிய சூப்பைச் சமாளிக்கப் போய் மிஞ்சிய தேங்காய்ப்பாலைச் சமாளிக்கும் நிலை.

மிசோவில் நான் முதலில் செய்ததும் பிழைதான். நான்கு பெரிய கரண்டி மிசோவைப் பாத்திரத்திலேயே கொட்டிக் கிளறி, இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். வாசனை முழுவதும் ஆவியோடு போய், வெறும் உப்புச்சாறு மிஞ்சியது. மிசோவைக் கொதிக்க விடக்கூடாது என்பது ஜப்பானியச் சமையலின் பாலபாடம். சூப் கொதிநிலையை எட்டித் தொடும் அந்தக் கணத்துக்கு 'நியெபானா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மணம் உச்சத்தில் இருப்பது அப்போதுதானாம். அதைத் தாண்டினால் இறங்குமுகம்.

இந்தக் கட்டுப்பாடு ஒரு குறைபோலத் தெரியும். எனக்கு அதுவே வசதியாகிவிட்டது. கொதிக்கக் கூடாது என்றால் பாத்திரத்தில் போடவே வேண்டாமே! இப்போது செய்வது இதுதான்: நான்கு லிட்டர் அடிப்படைச் சூப்பை உப்புக் குறைவாக, வேறெந்த நாட்டு அடையாளமும் இல்லாமல் வைத்துவிடுகிறேன். முந்தின இரவே குளிர்ந்த நீரில் ஊறவைத்த நான்கு உலர்ந்த ஷிட்டாகேவும் அந்த நீரும் மட்டும் அதில் சேரும். ஷிட்டாகேயில் இருக்கும் குவானிலேட் என்ற சேர்மம் தனியாகச் சுவைத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. குளுட்டமேட்டோடு சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டி உமாமி எழும். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா 1950-களில் கண்டுகொண்ட சங்கதி இது. காளானின் காம்பு மட்டும் தோல்போல் இழுபடும், வெட்டி எறிந்துவிடுங்கள்.

சாப்பிடும்போது அவரவர் கிண்ணத்துக்குத் தேவையானதை மட்டும் சூடாக்குகிறேன். முந்நூறு மில்லிலிட்டர் கிண்ணம் என்றால் வெள்ளை மிசோ இரண்டு தேக்கரண்டி. அதைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, ஒரு சின்னக் கரண்டிச் சூடான சாறு விட்டு, கரண்டியின் முதுகால் பக்கவாட்டில் தேய்க்க வேண்டும். முதலில் களிமண்போல் விலகி நிற்கும். பிறகு திடீரென்று இளகிச் சந்தனக் குழம்பு மாதிரி வழவழப்பாகும். அதற்குப் பிறகுதான் மிச்சச் சூப். அவசரப்பட்டு மேலேயிருந்து போட்டால் கட்டி கட்டியாக பீன்ஸோடு ஒளிந்துகொள்ளும். பீன்ஸ் என்று நினைத்துக் கடிக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! மேலே துருவிய இஞ்சி ஒரு சிட்டிகை, வெங்காயத்தாள், வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் அரைத் தேக்கரண்டி.

முதன்முறை இப்படிச் செய்து கொடுத்தபோது என் தங்கை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நீதான் சீஸ் போடமாட்டாயே, இதில் போட்டிருக்கிறாயா?" மிசோ என்று நான் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

மூன்றாம் நாள் விஷயத்துக்கு வருகிறேன். மிசோ பாத்திரத்தில் இல்லை என்பதால், திரும்பத் திரும்பச் சூடாக்கினாலும் கெட அங்கே எதுவுமில்லை. பீன்ஸ் கரைந்து சாறு கெட்டியாகும். மினெஸ்ட்ரோனேவுக்கு அது நல்லதே. இத்தாலியின் டஸ்கனியில் மிஞ்சிய சூப்பில் காய்ந்த ரொட்டியைச் சேர்த்துக் கொதிக்க வைத்து 'ரிபொல்லிட்டா', அதாவது மறுபடி கொதித்தது, என்றே பெயரிட்டு விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மிசோ மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்கிறது. முதல் நாள் வெள்ளை மிசோ, இரண்டாம் நாள் சிவப்பு மிசோவோடு மிளகாய் எண்ணெய் இரண்டு சொட்டு, மூன்றாம் நாள் எதுவும் வேண்டாம் என்பவருக்கு ஆலிவ் எண்ணெயும் மிளகும். ஒரே பாத்திரம்தான், மூன்று சூப். வீட்டில் ஆசியச் சுவை பிடிக்காத ஒருவர் இருந்தால் அவருக்காகத் தனியாக ஒன்றும் வைக்க வேண்டாம். மற்ற இரண்டு வழிகளிலும் முதல் நாளே பாத்திரம் முழுவதும் கட்சி மாறிவிடுகிறது. திரும்பி வர வழியில்லை. திறந்த மிசோ டப்பாவும் குளிரில் மாதக்கணக்கில் நிற்கும். நிறம் கருக்கும், மணம் சற்று முரடாகும், அவ்வளவுதான்.

சைவம் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் மூன்று வழியிலும் லேபிளைப் படிக்க வேண்டும். தாய்லாந்துக் கறி விழுதுகள் பலவற்றில் இறால் விழுது இருக்கும். மிசோவில் 'தாஷி கலந்தது' என்று விற்பதில் மீன் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். சோயா, அரிசி, உப்பு, கோஜி (புளிக்கவைக்கும் பூஞ்சை) என்று நான்கே பொருள் எழுதியிருப்பதை எடுங்கள். கோதுமை, பார்லி ஒவ்வாதவர்கள் பார்லி மிசோவைத் தொட வேண்டாம். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

மிசோவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது உப்பு. சிவப்பு மிசோவின் எடையில் எட்டில் ஒரு பங்குவரை உப்பாகவே இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு தேக்கரண்டி என்ற என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, கண்ணுக்கு இது விருந்தாகத் தெரியாது. தேங்காய்ப்பால் சூப்பின் பொன்னிறத்துக்கு முன்னால் கலங்கிய பழுப்பு நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். விருந்தாளிகள் வருகிறார்கள், பாத்திரம் அன்றே காலியாகிவிடும் என்றால் நானும் தேங்காய்ப்பாலைத்தான் எடுப்பேன். எலுமிச்சை இலையை உறைபெட்டியில் வைத்திருப்பது அதற்காகத்தான்; மாதக்கணக்கில் மணம் குறையாமல் இருக்கிறது.

பாஸ்தா பற்றி ஒரு வரி: எந்த வழியானாலும் பாத்திரத்தில் போடாதீர்கள், மறுநாள் சாற்றையெல்லாம் குடித்து ஊதிக் கிடக்கும். தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் சேருங்கள்.

கொரியாவின் தோயென்ஜாங்கை விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். அதுவும் சோயா விழுதுதான். மிசோவைவிட முரடு, கொதியையும் தாங்கும், கொரியர்கள் அதைக் கொதிக்க வைத்தே சமைக்கிறார்கள். ஒரு டப்பா வாங்கி ஒரே ஒரு கிண்ணத்தில் கரைத்துப் பார்த்தேன். பீன்ஸோடு நன்றாகச் சேர்ந்தது. தக்காளியோடு சேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்வதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டது.