மாதவிடாய் சீராக வர இனோசிட்டோலா, இரும்புக் குளிசையா, உளுத்தங்களியா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் பிந்துகிறது என்றால் அம்மம்மா உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கச் சொல்லுவார், கைபேசியைத் திறந்தால் யாரோ ஒருத்தி இனோசிட்டோல் பவுடரைக் காட்டிக்கொண்டிருப்பாள். ஏன் பிந்துகிறது என்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இனோசிட்டோல் என்பது சீனி போன்ற ஒரு பொருள், பிசிஓஎஸ், அதாவது ஹோர்மோன் குழம்பி மாதவிடாய் பிந்தும் ஒரு சூலகக் கோளாறு, உள்ளவர்களுக்கானது. அவர்களில் கனபேருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அது இரத்தத்தில் கூடிப்போக சூலகம் ஆண் ஹோர்மோனை அதிகம் சுரக்கும், முட்டை வெளிவருவது தடைப்படும். இன்சுலினின் செய்தியைக் கலத்துக்குள் கொண்டுபோக இனோசிட்டோல் உதவுகிறது. வழக்கமான அளவு நாளுக்கு 4 கிராம் மயோ இனோசிட்டோல் (அதன் ஒரு வகை), காலை பாதி, இரவு பாதி. மெட்ஃபோமின் என்ற நீரிழிவுக் குளிசையோடு ஒப்பிட்டால் வயிற்றுப் பிரட்டல் குறைவு, ஆனால் சீனி விஷயத்தில் மெட்ஃபோமினுக்குத்தான் சான்று பலம், அதை வைத்தியர் எழுதித்தர வேண்டும். 2023 இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டியும் இனோசிட்டோலால் தீங்கு குறைவு, பலனுக்கான சான்றும் மட்டுப்பட்டதுதான், விரும்பினால் யோசிக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால், பிசிஓஎஸ் என்று உறுதியானவர்கள் மூன்று நான்கு மாதம் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு குடித்துப் பார்க்கலாம், மாற்றமில்லை என்றால் அந்தக் காசை மீன் மரக்கறிக்குச் செலவழியுங்கள்.

இரும்புக் குளிசை மாதவிடாயை வரவைக்காது. அதிகம் போவதால் இரத்தம் குறைந்தவர்களுக்கு அது தேவை, தேத்தண்ணியோடு விழுங்காமல் தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். விட்டமின் டி குளிசையை, அது குறைவென்று சோதனையில் வந்தால் மட்டும் எடுங்கள். கொழுப்பில் கரைவது என்பதால் அளவுமீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும்.

வைட்டெக்ஸ் என்று ஒரு மூலிகைக் குளிசை வருகிறது. நம் வேலியோர நொச்சியின் இனம்தான், ஆனால் வேறு செடி, ஒன்றுக்குப் பதில் மற்றதை அவித்துக் குடிக்க வேண்டாம். ஹோர்மோனில் கைவைப்பதால் கருத்தடைக் குளிசை எடுப்பவர்களும் கர்ப்பம் தங்கியிருக்கலாம் என்பவர்களும் தொடவே கூடாது.

சரி, உளுத்தங்களி? சோதனைக்குப் படிக்கிறேன், மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டு வற்றிப்போன பிள்ளைக்கு மாதவிடாய் நின்றால், உடம்பில் சக்தி போதாமல் மூளையே அதை நிறுத்திவைக்கிறது. அவளுக்கு எந்தப் பவுடரையும்விட உளுந்தும் முட்டையும் நல்லெண்ணெயும் நேரத்துக்குச் சோறும்தான் மருந்து, இந்த இடத்தில் அம்மம்மா சொன்னது முழுக்கச் சரி. அதே களியைப் பனங்கட்டி அள்ளிப்போட்டு, எடை கூடிய பிசிஓஎஸ் பிள்ளைக்குத் தினமும் கொடுத்தால் எதிராகப் போகும். அவளுக்கு முருங்கையிலை வறையும், சோற்றைக் குறைத்து மீனும், பின்னேரம் நடையும்.

பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை சாதாரணம், சாமத்தியப்பட்டு முதல் இரண்டு வருடம் முன்பின்னாவதும் வழமை. மூன்று மாதம் வராவிட்டால் கர்ப்பச் சோதனை, பிறகு தைரொயிட், புரோலக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன்) இரத்தச் சோதனை. முடி வளர என்று பயோட்டின் குளிசை எடுத்துக்கொண்டிருந்தால் இரத்தம் எடுக்கப் போகுமுன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், அது தைரொயிட் முடிவைப் பிழையாகக் காட்டக்கூடியது.