கேன்டீன் கார்டா, ஆபீஸ் அடையாள அட்டையா, பழைய வண்டியா: நெல்லையில் புது கார் எடுக்கும்போது எது கையில் நிற்கும்?

நெல்லைச் சீமையில் புது கார் எடுக்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும். "நம்ம மாமாட்ட கேன்டீன் கார்டு இருக்குல்லா, அதுல போட்ருவோம்" என்பார் ஒருத்தர். "மகேந்திரகிரியிலதான வேலை பாக்கிய, ஐடி கார்டைக் காட்டு, தனி டிஸ்கவுண்ட் உண்டு" என்பார் இன்னொருத்தர். ஷோரூமில் உட்கார்ந்தாலோ, "அண்ணாச்சி, பழைய வண்டிய நம்மட்டயே குடுத்துருங்க, எல்லாம் சேத்து எழுபதாயிரம் ஆஃபர்" என்று மூன்றாவது குரல் வரும். மூன்றுமே உண்மைதான். ஆனால் மூன்றும் விலைப்பட்டியலில் வேறு வேறு இடத்தில் கழிபவை. எவ்வளவு கழிகிறது என்பதோடு எந்த வரியில் கழிகிறது என்பதையும் பார்க்காவிட்டால் கணக்கு ஏமாற்றும்.

முதலில் கேன்டீன். ராணுவ கேன்டீனில், அதாவது சிஎஸ்டி வழியாக, கார் வாங்கும்போது கிடைக்கும் பெரிய லாபம் ஜிஎஸ்டியில்தான்: வரி பாதியாகிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. பாதி என்றால் 14 சதவீதப் புள்ளி மிச்சம். அந்தத் தேதியிலிருந்து நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் வரி 18 சதவீதமாகிவிட்டது. மிச்சமும் 9 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் கேன்டீன்காரருக்கு ஜிஎஸ்டியில் மட்டும் 84,000 மிச்சம். இப்போது 54,000. கம்பெனி கேன்டீனுக்கென்று தரும் தனி விலைக் கழிவு மாடலுக்கு மாடல் வேறுபடும். அது இதற்கு மேல்.

'கேன்டீன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்' என்ற பழைய பேச்சு சின்ன கார்களில் இனி அப்படியே செல்லாது. ஜிஎஸ்டியில் 40 சதவீத அடுக்கில் இருக்கும் பெரிய வண்டிகளில் பாதி வரி இன்னும் பெரிய தொகைதான். ஆனால் அங்கே பதவிக்கு ஏற்ற விலை வரம்பும் இன்ஜின் வரம்பும் குறுக்கே நிற்கும். 2019-ல் விதிகள் இறுகின: அதிகாரிகளுக்கு 8 ஆண்டுக்கு ஒரு கார், மற்ற பதவிகளுக்குப் பணியில் இருக்கும்போது ஒன்று, ஓய்வுக்குப் பின் ஒன்று. விலை வரம்பு அவ்வப்போது மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்ததை வைத்து முடிவு செய்யாமல், ஏஎஃப்டி போர்ட்டலில் (கார் போன்ற பெரிய பொருட்களுக்கான சிஎஸ்டி இணையதளம்) உங்கள் கார்டைப் பதிந்து, எந்த மாடல், எந்த வேரியன்ட் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

நடைமுறை இப்படிப் போகும். போர்ட்டலில் கார்டு, பான், ஆதார் விவரங்களைப் பதிய வேண்டும். டீலரிடம் அந்த வேரியன்ட், அந்த நிறம் இருக்கிறது என்ற ஒப்புதலும் விலைத்தாளும் வாங்க வேண்டும். பணம் டீலருக்குப் போகாது, சிஎஸ்டி கணக்குக்குப் போகும். அதன்பின் டெப்போவிலிருந்து சப்ளை ஆர்டர் டீலருக்கு வரும், அதை வைத்துத்தான் வண்டியை விடுவிப்பார்கள்.

இதில் ஆட்கள் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, வங்கிக் கடன். காசோலையை டீலர் பெயருக்குப் போட்டுப் பழகிய கிளைகள் இங்கேயும் அப்படியே போட்டுவிட்டால், திருப்பி வாங்கி மறுபடி அனுப்புவதற்குள் வாரம் ஓடிவிடும். கடன் விண்ணப்பத்திலேயே 'சிஎஸ்டி கொள்முதல்' என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு, கேன்டீனுக்குக் கட்டுவது வண்டி விலை மட்டும். ஆயுள் வரியும் இன்சூரன்சும் தனி. ஏழு லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே தொண்ணூறாயிரம் பக்கம் வரும். அந்தப் பணம் கையில் இல்லாமல் வண்டி யார்டிலேயே நிற்பதும் உண்டு.

மாமா கார்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேன்டீனில் எடுக்கும் வண்டி கார்டுக்காரர் பெயரில்தான் பதிவாகும். மருமகன் பணம் கட்டி மாமா பெயரில் எடுத்தால், மாமாவின் அடுத்த தகுதி போய்விடும். இன்சூரன்சில் 15 லட்சம் ரூபாய் சொந்தக்காரர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு மாமாவுக்குத்தான், ஓட்டுகிற மருமகனுக்கு இல்லை. நோ கிளெய்ம் போனஸ் சேர்வதும் மாமா பெயரில்தான். விற்கப்போகும் நாளில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் இல்லாமல் போனால் வாரிசுச் சான்றிதழ்வரை இழுக்கும். தகுதி இல்லாதவருக்காக வாங்கியது தெரிந்தால் கார்டே முடங்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இத்தனை முடிச்சு தேவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

கூடங்குளத்தில் காவல் பணியில் இருக்கும் சிஐஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதப் படையினருக்கு சிஎஸ்டி கிடையாது. அவர்களுக்கு இருப்பது கேந்திரிய போலீஸ் கல்யாண் பண்டார், 2006-ல் மத்திய போலீஸ் கேன்டீனாகத் தொடங்கியது. 2024 ஏப்ரல் 1 முதல் அங்கேயும் ஜிஎஸ்டியில் பாதி உதவி அறிவிக்கப்பட்டது. வண்டி பில்லில் அது எப்படிக் கழிகிறது என்பதை கேன்டீனில் கேட்டு, டீலர் விலைத்தாளில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

அடுத்தது கார்ப்பரேட் டிஸ்கவுண்ட். கார் கம்பெனி ஒவ்வொன்றும் மாதாமாதம் ஒரு சுற்றறிக்கை விடும். அதில் அரசு ஊழியர், பொதுத்துறை, வங்கி, பட்டியலில் உள்ள தனியார் நிறுவனங்கள், சில சமயம் ஆசிரியர், மருத்துவர், ஆடிட்டர் என்று வகை பிரித்திருக்கும். கூடங்குளம் அணுமின் நிலைய ஊழியர்களுக்குப் பொதுத்துறை வகை, மகேந்திரகிரி இஸ்ரோவுக்கு மத்திய அரசு வகை. மணிமுத்தாறு போலீஸ் பட்டாலியன்காரர்களும் பாளையங்கோட்டை அரசுப் பள்ளி ஆசிரியர்களும் மாநில அரசு ஊழியர் வகையில் வருவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சின்ன கார்களில் இந்தக் கழிவு பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். இதற்காக மட்டும் ஒரு பிராண்டைத் தேர்ந்தெடுப்பது வீண்.

கேட்பது அடையாள அட்டை நகலும் கடைசி மாதச் சம்பளச் சீட்டும். மாநில அரசு ஊழியர்கள் சம்பளச் சீட்டை அரசின் களஞ்சியம் செயலியிலிருந்து இறக்கிக் கொடுத்தால் போதும். ஒப்பந்தக்காரர் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு, கேட்டுக்குள் போக அணுமின் நிலையப் பாஸ் இருந்தாலும், இந்தச் சலுகை கிடைக்காது. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனம்தான் கணக்கு. வண்டியும் ஊழியர் பெயரில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் எடுப்பதாக இருந்தால் அந்தக் கம்பெனித் திட்டம் அதை ஏற்கிறதா என்று முன்னாடியே கேளுங்கள்.

இந்தச் சலுகையில் அடிக்கடி வரும் வில்லங்கம் பலருக்குத் தெரியாது. டீலர் கையிலிருந்து முதலில் கழித்துக்கொடுத்து, பிறகு கம்பெனியிடம் ஆவணம் ஏற்றி வசூலிப்பதுதான் வழக்கம். புக்கிங் எந்த மாதம் என்பது செல்லாது. பில் எந்த மாதம் விழுகிறதோ அந்த மாத ஆஃபர்தான். 28-ம் தேதி புக் செய்து 3-ம் தேதி பில் போட்டால் பழைய ஆஃபர் போய்விடும். சம்பளச் சீட்டு தெளிவாக இல்லை என்று கம்பெனி நிராகரித்தால், வண்டி எடுத்துப் போன பிறகும் 'அண்ணாச்சி, அந்த நாலாயிரம் வரல, நீங்க கட்டணும்' என்று போன் வரும். கழிவு பில்லிலேயே இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. 'அப்புறம் கிரெடிட் நோட்டா தாரோம்' என்றால், அதாவது பில்லில் கழிக்காமல் பிறகு வரவு வைப்பதாகச் சொன்னால், தொகையையும் தேதியையும் புக்கிங் படிவத்தில் எழுதி முத்திரை வாங்குங்கள்.

கார் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் ஆலை ஓடுகிறது. ஊழியர் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளில் அந்த விலை பெரும்பாலும் கார்ப்பரேட் கழிவைவிட நல்லது. ஆனால் ஊழியர், துணை, பெற்றோர் என்று உறவு வட்டம் சின்னது. இத்தனை வருஷத்துக்கு ஒரு வண்டி, இத்தனை மாதம் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் இருக்கும். அந்தச் சலுகை, சம்பளத்தோடு சேர்ந்த வரிக்குரிய வசதியாகக் கணக்காகுமா, வேலையை விட்டால் பிடித்தம் உண்டா என்று எச்ஆரிடம் கேட்டுவிட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சுக்கு வருவோம். இங்கே இரண்டு தொகை ஒன்றாகக் கலந்து சொல்லப்படும்: பழைய வண்டிக்கு டீலர் போடும் விலை, கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ். பிரித்துக் கேளுங்கள். டீலர் 2,10,000 போட்டு 20,000 போனஸ் தருகிறார், வெளியில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்காரர் அதே வண்டிக்கு 2,45,000 ரொக்கம் தருகிறார் என்றால், போனஸ் கிடைத்தும் உங்களுக்கு 15,000 நஷ்டம். வெளியில் விற்றுவிட்டு, ஆர்சி மாறிய நகலைக் காட்டினால் போனஸ் தரும் கம்பெனிகளும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள். பழைய வண்டி அப்பா பெயரிலும் புதியது மகன் பெயரிலும் இருந்தால் உறவுக்கு ஸ்மார்ட் ரேஷன் கார்டு நகல் கேட்பார்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கையோடு, தேதியும் நேரமும் போட்ட ஒப்படைப்புச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். ஆர்சி மாறும்வரை அந்த வண்டி செய்யும் எதற்கும் பெயர் உங்களுடையதுதான்.

இவற்றில் எது எதோடு சேரும்? கார்ப்பரேட்டும் எக்ஸ்சேஞ்சும் பெரும்பாலும் சேரும். எக்ஸ்சேஞ்சும் ஸ்கிராப் போனஸும் (பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் கிடைப்பது) பெரும்பாலும் சேராது, இரண்டில் ஒன்றுதான். கேன்டீன் விலையோடு கார்ப்பரேட் சேராது. கேன்டீன்காரருக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் தரும் கம்பெனிகள் சில உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு முன்பு சின்ன காரில் கிடைத்த 18 சதவீத ஜிஎஸ்டி சலுகை, எல்லாருக்கும் 18 ஆனதால் மதிப்பிழந்துவிட்டது.

ஆக, மேலே சொன்ன அதே 6,00,000 ரூபாய் வண்டியை இரண்டு தாளில் எழுதிப் பாருங்கள். கேன்டீன் தாளில் 6,54,000. வெளித் தாளில் 7,08,000, அதிலிருந்து கன்ஸ்யூமர் ஆஃபர் (எல்லா வாடிக்கையாளருக்கும் தரும் கழிவு) 25,000, எக்ஸ்சேஞ்ச் 20,000, கார்ப்பரேட் 4,000 என்று வைத்துக்கொண்டால் 6,59,000. வித்தியாசம் ஐயாயிரம். எக்ஸ்சேஞ்ச் வண்டி இல்லாதவருக்கு கேன்டீன் ஜெயிக்கும். வண்டியும் இருந்து, மாத ஆஃபரும் நன்றாக இருந்தால் வெளி மார்க்கெட் தோற்காது. காத்திருப்பும் இல்லை, பெயர்ச் சிக்கலும் இல்லை. புதிதாக வந்த மாடல் கேன்டீன் பட்டியலில் ஏறத் தாமதமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட அதிகம் புரட்டிப் போடுவது பத்து லட்சம் என்ற கோடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எக்ஸ் ஷோரூம் 10,30,000 என்றால் வரி 1,85,400. பில்லிலேயே 35,000 கழிந்து 9,95,000 ஆகி, அந்தத் தொகைக்கு வரி போட்டால் 1,29,350. 56,050 ரூபாய் வித்தியாசம். பத்து லட்சத்துக்கு மேல் டீலர் முன்கூட்டியே வசூலிக்கும் ஒரு சதவீத வருமான வரியான டிசிஎஸ்ஸும் இல்லை (அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் முதலில் கையிலிருந்து போகும்). அதே 35,000-ஐ பில்லுக்கு வெளியே ஆக்சசரியாகவோ கிரெடிட் நோட்டாகவோ வாங்கினால் இதில் ஒன்றுமே கிடையாது. எந்தத் தொகைக்கு ஆயுள் வரி கட்டப் போகிறார்கள் என்பதை புக்கிங்குக்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். பட்டியல் விலைக்குத்தான் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்கும் இடங்கள் வழக்கமானவைதான்: ஹேண்ட்லிங் சார்ஜ், கட்டாய ஆக்சசரி கிட், டீலரே போடும் இன்சூரன்ஸ். கடைசியதில்தான் அதிகம் போகும். மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பு எங்கே போட்டாலும் ஒரே விலை: 1000 சிசி வரை 6,521, 1500 சிசி வரை 10,640, ஜிஎஸ்டி தனி. வித்தியாசம் சொந்தச் சேதப் பகுதியில். வெளியில் ஒரு கொட்டேஷன் எடுத்துக் காட்டினாலே பாதி பேர் இறங்கி வருவார்கள். ஐடிவியை, அதாவது வண்டிக்கு இன்சூரன்சில் போடும் மதிப்பை, குறைத்துப் போட்டு பிரீமியம் மலிவு என்று காட்டினால் ஏமாறாதீர்கள். புது வண்டிக்குக் கம்பெனி பட்டியல் விலையில் 95 சதவீதம் வர வேண்டும், கேன்டீனில் எடுத்தாலும் அப்படித்தான்.

ஆடியில் யாரும் வண்டி எடுக்காததால் ஷோரூம்கள் இறங்கி வரும். ஆடி முடிவது ஆகஸ்ட் 16, 17 வாக்கில், ஆனால் கம்பெனி ஆஃபர் ஆகஸ்ட் 31 வரை. ஆவணி பிறந்து மாதக் கடைசிக்குள் பில் போட்டால் சாஸ்திரமும் தப்பாது, ஆஃபரும் தப்பாது. டிசம்பரில் அப்படி வழியில்லை. வருஷக் கடைசித் தள்ளுபடி உச்சத்தில் இருக்கும் நாட்கள் மார்கழியில் விழுகின்றன. தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் ஜனவரியில் விலை ஏறியிருக்கலாம், அல்லது போன வருஷம் தயாரித்த வண்டியையே புதுசு என்று தள்ளப் பார்ப்பார்கள். மார்கழி என்று பார்க்காமல் டிசம்பர் 31-க்குள் பில் போடத் தயங்காத வீட்டுக்கு, கேன்டீன் கார்டு இல்லாமலே கேன்டீன் விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. எடுக்கும் முன் தயாரிப்பு மாதத்தைச் சேசிஸ் எண்ணோடு சேர்த்து பில்லில் எழுதச் சொல்லி, வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு நேரில் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.