பாங்காக்கின் ஆரஞ்சுக் கொடிப் படகு: ஊரிலிருந்து வந்த பெரியவர்களை இதில் ஏற்றலாமா?

ஊரிலிருந்து அம்மா அப்பா பாங்காக் வருகிறார்கள் என்றதும் பலரும் ஒரு நாள் வாடகைக்கு வேன் பேசிவிடுகிறார்கள். அரண்மனைப் பக்கம் போகும் சாலைகளில் அந்த வேன் நகராது. பெரியவர்கள் ஏசியில் உட்கார்ந்து முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1782ல் தலைநகரைச் சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றி அரண்மனையை அங்கே எழுப்பினார்கள். அதனால் பார்க்க வேண்டிய பழைய இடங்களில் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. அந்த ஆற்றில் ஓடும் சாவோ பிரயா எக்ஸ்பிரஸின் ஆரஞ்சுக் கொடிப் படகில், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஆளுக்கு 16 பாட்தான்.

நடக்கவும் ஓரிரு படி ஏறவும் முடிந்த பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்த ஊரில் கிடையாது. காற்று வரும், போக்குவரத்து நெரிசல் இருக்காது, ஊரே இரு பக்கமும் விரிந்து கிடக்கும். கவனமாக இருக்க வேண்டியது ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

முதலில் கொடி. படகில் பறக்கும் கொடியின் நிறம்தான் அது எந்தச் சேவை என்பதைச் சொல்லும். ஆரஞ்சு நாள் முழுக்க ஓடுகிறது, பெரும்பாலான துறைகளில் நிற்கிறது. மஞ்சளும் பச்சையும் வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. காலை மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் ஓடும், சில துறைகளைத் தாண்டிப் போய்விடும். நீலக் கொடி சுற்றுலாப் படகு. இடம் தாராளம், ஆங்கிலத்தில் அறிவிப்பு உண்டு, நாள் முழுக்க ஏறி இறங்க 150 பாட் சீட்டு. நான்கு முறை ஏறி இறங்கினாலும் ஆரஞ்சில் 64 பாட்தான் ஆகும். ஆகவே பணக் கணக்கில் நீலம் தேறாது. ஆனால் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவர் கூட்டத்தைக் கண்டால் பயப்படுவார் என்றால் யோசிக்காமல் நீலத்துக்கே போங்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு உட்கார இடமும், ஏறக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும்.

தொடங்கும் இடம் சாத்தோன் துறை. பி.டி.எஸ். ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கி, 2ஆம் வாயில் வழியாகக் கீழே வந்தால் பாலத்தடியிலேயே துறை. இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். ஓட்டல் படகுகள், ஐகான்சியாம் வணிக வளாகத்துக்குப் போகும் படகு, சுற்றுலாப் படகு, எக்ஸ்பிரஸ் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். முன்னால் தென்படும் கவுன்டரும், கை காட்டி அழைக்கும் ஆட்களும் பெரும்பாலும் நீலக் கொடிக்கோ தனிப் படகு வாடகைக்கோ இழுப்பார்கள். "ஆரஞ்ச் ஃபிளாக்" என்று திருத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். அல்லது பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும் நிற்கும் வரிசையில் போய் நில்லுங்கள். கையில் 20 பாட் தாள்களாக இருந்தால் நல்லது. 1000 பாட் தாளை நீட்டினால் சில்லறைக்குத் தாமதமாகும்.

இனி ஏறுவது. படகு துறையோடு கட்டிப்போட்டு நிற்காது. பின்பக்கத்தைத் துறைக்குக் கொடுத்து ஒட்டும். கடைசியில் நிற்கும் பணியாள் விசிலடித்தே ஓட்டுநருக்குச் சைகை சொல்வார், ஏனென்றால் ஓட்டுநர் முன்னால் இருக்கிறார், அவருக்குப் பின்பக்கம் தெரியாது. கயிற்றை ஒரு சுற்று போட்டுப் பிடித்ததும் ஆட்கள் இறங்கி, பிறகு ஏறுவார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துறையே மிதக்கும் மேடைதான். அதுவும் ஆடும், படகும் ஆடும், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. கால் இடறுவது அந்த இடைவெளியில்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். குடும்பத்தில் இளையவர் ஒருவர் முதலில் ஏறித் திரும்பி நிற்க வேண்டும். அடுத்து பெரியவர், அவருக்குப் பின்னால் இன்னொரு இளையவர். படகின் விளிம்பு துறையில் கட்டிய டயரில் மோதி அழுந்தும் அந்தக் கணத்தில் அடி எடுத்து வைக்க வேண்டும். விலகத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள் அடுத்தது வந்துவிடும். கையை நீட்டிப் பிடிப்பதைவிட முழங்கைக்கு மேலே பிடித்தால் பெரியவர்களுக்குத் தெம்பு. சேலை கட்டியவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், ஈரப் பலகையில் வழுக்கும். தோள்பை முன்பக்கம் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

ஏறியதும் பின்பக்கத்திலேயே நின்றுவிடாமல் உள்ளே நகருங்கள். பின்னால் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கும், அங்கே நிற்கக் கூடாது. பெண்கள் பிக்குகள்மேல் படாமல் ஒதுங்கிப் போவது அந்த ஊர் மரியாதை. கொஞ்ச நேரத்தில் 'சலங் சலங்' என்று ஓசை கேட்கும். நடத்துநர் கையில் நீளமான உலோகக் குழல் ஒன்று இருக்கும். அதை நீளவாக்கில் திறந்தால் ஒரு பக்கம் சீட்டுச் சுருள், இன்னொரு பக்கம் காசு. அதைக் குலுக்கினால் காசு கொடுங்கள் என்று பொருள். சாத்தோனில் கவுன்டரில் வாங்கிவிட்டிருந்தால் சீட்டைக் காட்டினால் போதும். இறங்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது? காலையில் போகும்போதும் இடது, மாலையில் திரும்பும்போதும் இடது. போவது வடக்கே என்பதால் காலை வெயில் வலப்பக்கம் விழும். திரும்பும்போது தெற்கு நோக்கி வருகிறோம், மாலை வெயிலும் வலப்பக்கமே விழும். காலையில் இடப்பக்கம் இருந்தால் மேற்குக் கரையிலுள்ள வாட் அருண் கோயிலின் கோபுரம் கிழக்கு வெயிலில் பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் லாபம்.

துறைகளுக்கு எண் உண்டு, சாத்தோனிலிருந்து வடக்கே போகப் போக எண் கூடும். எல்லாத் துறைக்கும் அறிவிப்பு இருக்கும் என்று நம்பாதீர்கள். பெயர்களைச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களே ரசித்துக் கவனிப்பார்கள். 'தா' என்றால் துறை, 'சாங்' என்றால் யானை. தா சாங், அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய யானைத்துறை. ராச்சினி என்பது நம் காதுக்குத் தெரிந்த ராஜினிதான், அரசித்துறை. பிரா ஆதித் என்பதில் ஆதித்தன் இருக்கிறான். இறங்க வேண்டிய துறைக்கு முந்தைய துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துறை வந்த பிறகு எழுந்தால் தாமதம்.

அரண்மனைக்கு 9ஆம் எண், தா சாங். 8:30க்குத் திறக்கிறார்கள், 3:30க்கு மேல் உள்ளே விடுவதில்லை, கட்டணம் 500 பாட். திறந்ததும் நுழைந்துவிட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. காலையில் அலுவலகக் கூட்டம் பெரும்பாலும் தெற்கே வரும் என்பதால் வடக்கே போகும் உங்கள் படகில் மூச்சுவிட இடம் இருக்கும். மதில் ஓரம் ஒருவர் சிரித்தபடி வந்து "இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை டுக்டுக்கில் மலிவாகச் சுற்றிக்காட்டுகிறேன்" என்பார். அந்த டுக்டுக் நேராகக் கல் நகைக் கடைக்குத்தான் போகும். பதில் சொல்லாமல் வாயில்வரை நடந்து போய்ப் பாருங்கள். உடை விதி கண்டிப்பு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் வாயிலுக்கு முன்பே இறக்கிவிடட்டும்.

உள்ளே பெரியவர்களை அதிக நேரம் நிறுத்தி வைக்க வேண்டிய இடம் மரகத புத்தர் கோயிலின் சுற்றுப் பிராகாரம். 178 பகுதிகளாக ராமகதை முழுவதும் சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது. பிரா ராம், பிரா லக், நாங் சீடா என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தோசகான் யார் என்று கேட்டுப் பாருங்கள். தசகண்டன், பத்துக் கழுத்துக்காரன் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். வெள்ளை நிறக் குரங்கு அனுமன். இந்த ஊர்க் கதையில் அவன் பிரம்மச்சாரி இல்லை, கடலில் ஒரு மீன்கன்னியைக் காதலிக்கிறான். பிராகாரத்தில் நிழல் உண்டு. மெதுவாக ஒரு சுற்று வரலாம்.

அரண்மனையும் வாட் போ, வாட் அருண் என்ற இரண்டு கோயில்களும் ஒரே நாளில் என்றால் முழங்கால் தாங்காது. ஒன்றை விட வேண்டும் என்றால் வாட் அருண் உச்சிப் படிகளை விடுங்கள். மிகச் செங்குத்து, இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். கீழே நின்று சுவரில் பதித்த பீங்கான் ஓடுகளைப் பார்ப்பதே போதும். 8ஆம் எண் தா தியானில் இறங்கினால் வாட் போ சில நிமிட நடை, கட்டணம் 300. 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரின் பாதங்களில் முத்துச் சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன. பின்புறச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறைக் காசு வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டுக்கொண்டே நடப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அதே தா தியானில் தனி மேடையிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்குச் சிறு படகு, 5 பாட். எக்ஸ்பிரஸ் சீட்டு இதற்குச் செல்லாது, வேறாக வாங்க வேண்டும். வாட் அருணுக்குள் 200.

பலரும் தவறவிடும் ஒரு நிறுத்தம் பாக் கிளோங் பூச்சந்தை. யோத்பிமான் துறையில் இறங்கினால் வாசனையே வழி சொல்லிவிடும். செண்டுமல்லி மூட்டை மூட்டையாக, மல்லிகை மொட்டு ஐஸ் மேல் குவியலாக. மாலை கட்டும் பெண்கள் நார் வைத்துக் கட்டுவதில்லை, நீள ஊசியில் மொட்டுகளை வட்டவட்டமாகக் கோர்க்கிறார்கள். அதில் வெள்ளையாக மெழுகில் செய்தது போல் ஒரு சின்னக் கிரீடம் தெரியும். எடுத்துப் பார்த்தால் நம் எருக்கம்பூவின் நடுப்பகுதி. அங்கே அதன் பெயர் 'ராக்', அன்பு என்ற சொல்லின் ஓசை, அதனால் மங்கலப் பூ. பிள்ளையாருக்கு எருக்க மாலை சாத்திய கைகள் அதைத் தொட்டுப் பார்க்காமல் நகராது. மாலையைத் தலையில் சூடுவது அங்கே வழக்கமில்லை.

சைவக் குடும்பங்களுக்குச் சாப்பாடுதான் பெரிய கவலை. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறான நாம் பிளா சேர்ந்துவிடும், ஏனென்றால் அது அங்கே உப்பு போல. மஞ்சள் துணியில் சிவப்பாக 17 என்ற எண்ணைப் போல் ஒரு குறி தொங்கும் கடையைத் தேடுங்கள். அது 'ஜே'. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் கிடையாது. பூச்சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாஹுராத், துணிக்கடைகளும் சீக்கியர் குருத்வாராவும் உள்ள இந்தியப் பகுதி. ரொட்டி, பருப்பு, சோறு அங்கே கிடைக்கும். இட்லியை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

திரும்பும்போது ஒரு உபாயம். நான்கு மணிக்கு மேல் தா தியானுக்கு வரும் படகு பெரும்பாலும் நிரம்பியே வரும். வாட் போவோடு நாள் முடிகிறது, கால் வலிக்கிறது என்றால் படகுக்கு மல்லுக்கட்டாமல் சனாம் சாய் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். லிப்ட், ஏசி, அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். ஆரஞ்சுக் கொடியின் கடைசிப் படகு மாலையிலேயே முடிந்துவிடும். காலையில் ஏறும்போதே துறைப் பலகையில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு இந்தப் படகு ஆகாது, வீட்டார் எவ்வளவு உதவினாலும் சரி. பெரிய பெட்டிகளோடும் ஏறாதீர்கள். படகில் கழிப்பறை கிடையாது, கோயில்களிலேயே போய்விட்டு வர வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடக்கிலிருந்து மழைநீர் இறங்கும், கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஆறு உயரும். துறைக்கு இறங்கும் சாய்வுப் பாலங்கள் அப்போது வேறு கோணத்தில் நிற்கும், சில துறைகளில் தண்ணீரும் ஏறும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை பெரியவர்களுக்கு ஏற்ற காலம்.

சாத்தோன் திரும்பியதும் இன்னும் தெம்பு மிச்சமிருந்தால் பி.டி.எஸ்.ஸில் ஒரே நிறுத்தம், சுராசக். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். தமிழர்கள் எழுப்பியது, இன்று தாய்லாந்து மக்களே அதிகம் வருகிறார்கள். டாக்சிக்காரரிடம் 'வாட் கேக்' என்று சொன்னால்தான் புரியும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், போனைப் பையில் வைத்துவிட்டுப் போங்கள். நவராத்திரி விழாவின் நிறைவு நாளில் மட்டும் அந்தப் பக்கம் வண்டி போகாது, சாலை முழுக்க ஊர்வலத்துக்கு விட்டுவிடுவார்கள்.