கார்பனா, ஜியோலைட்டா, பியூரிஜெனா: மீன் தொட்டிக்கு எது?

வெள்ளைக் கோப்பை ஒன்றில் மீன் தொட்டித் தண்ணீரை மொண்டு, பக்கத்தில் குழாய்த் தண்ணீரை வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் லேசான டீ நிறத்தில் இருந்தால், கரைந்த கழிவோ, உள்ளே கிடக்கும் மரத்துண்டு விட்ட சாயமோ காரணம். இதை ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது ஃபில்டரில் போடும் நுண்துளைகள் நிறைந்த கரி, நன்றாக இழுத்துக்கொள்ளும், வாடையும் போகும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் மட்டும் அது எடுக்காது. கார்பன் போட்டும் மீன் சாகிறதே என்று தவிப்பவர்கள் முதலில் அம்மோனியாவைச் சோதிக்க வேண்டும்.

கார்பனின் நுண்துளைகள் சில வாரங்களில் அடைபட்டுவிடும். வீட்டில் கழுவிப் பலனில்லை, மாற்றத்தான் வேண்டும். மீனுக்கு மருந்து போடும்போது கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தையே உறிஞ்சிவிடும். சிகிச்சை முடிந்ததும் மிச்ச மருந்தை நீக்கப் புதிய கார்பன் போடலாம். என்னைக் கேட்டால், அதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

ஜியோலைட் ஒரு வகைக் கனிமக் கல், அதன் வேலை அம்மோனியாவைப் பிடிப்பது. திடீரென்று அம்மோனியா ஏறினால் உயிர் காக்கும். உப்புக் கரைசலில் ஊறவைத்தால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி தயாராகிவிடும். ஆபத்தும் அங்கேதான்: ஜியோலைட் உள்ளே இருக்கும்போது நோய்க்கென்று தொட்டியில் உப்பு போட்டால், பிடித்து வைத்த அம்மோனியா தண்ணீரிலேயே இறங்கும். கடல்நீர்த் தொட்டியில் இது உதவாது. புதுத் தொட்டியிலும் வேண்டாம், அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி குறைந்து அது வளரத் தாமதமாகும்.

சரி, பியூரிஜென்? கரிமக் கழிவை இழுக்கும் செயற்கைப் பிசின் இது; கடுகைவிடச் சிறிய மணிகள், நெருக்கமான வலைப்பை இல்லாவிட்டால் ஃபில்டர் முழுக்கச் சிதறிவிடும். வெளிர் நிறத்தில் உள்ளே போவது, கரிமக் கழிவை இழுக்க இழுக்கக் காபிக்கொட்டை நிறத்துக்கு வரும். எப்போது எடுப்பது என்று கார்பனைப் பார்த்துச் சொல்ல முடியாது, இதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாசனை சேர்க்காத பிளீச்சும் தண்ணீரும் சம அளவில் கலந்து 24 மணி நேரம் ஊறவைத்தால் மறுபடி வெளுக்கும். அப்புறம் நன்றாக அலசி, குளோரின் நீக்கியில் ஊறவைத்து, பிளீச் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். இதில் அவசரப்பட்டால் மீன்கள் பிழைக்காது.

அந்தப் பொறுமை இருப்பவருக்கு நான் பியூரிஜெனையே சொல்வேன். இல்லாதவருக்குக் கார்பன் போதும். ஜியோலைட்டை நெருக்கடிக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.